முன்னால் போனதற்கான ஆதாரம்

பின்னால் இருந்து இடிபட்டவன் கொடுத்துவைத்தவன் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. தப்பு யார் பேரில் என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. பின்னால் வந்தவன் பேரில்தான். டீக்கடையிலும் சரி, போலீஸ் ஸ்டேஷனிலும் சரி, இதில் இரண்டாவது பேச்சு கிடையாது. முத்தாண்டிக்குப்பம் செங்குட்டுவனும் நாற்பத்தாறு வயதுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். சதாசகாயம் பொதுக் காப்பீட்டுக் கழகத்தின் நெய்வேலிக் கிளைக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான், முன்னால் போகிறவனுக்கு இந்த நாட்டில் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

செங்குட்டுவன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினேழு வருடமாகக் கான்ட்ராக்ட். பதினேழு வருடமாக அடுத்த லிஸ்டில் பர்மனென்ட். கேட் பாஸை வீட்டில் இருக்கும்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். குளிக்கும்போது மட்டும் மனைவி சத்யாவிடம் கொடுப்பார். அந்தப் பாஸ் போனால் லிஸ்டில் பெயர் போகும். பெயர் போனால் பதினேழு வருடமும் போய், மறுபடி வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டியதுதான்.

ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பகல் ஒன்று நாற்பது. குவார்ட்டர்ஸில் இருக்கும் மச்சானுக்காகப் பண்ருட்டியில் வாங்கிய ஒரு பலாப்பழத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய வெள்ளைக் காரில் இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். டவுன்ஷிப்புக்குள் நுழைகிற இடத்தில் பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு ஷிப்ட் பஸ் திரும்பியது. செங்குட்டுவன் காரை நிறுத்தினார். ஆம்புலன்ஸுக்கு யோசித்து வழிவிடுகிறவன்கூட நெய்வேலியில் ஷிப்ட் பஸ்ஸுக்கு யோசிக்க மாட்டான். பின்னால் காலி வேனை ஓட்டி வந்த கலியன் மட்டும் அந்தச் சமயத்தில் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

டிக்கி பாதியாக மடங்கியது. செங்குட்டுவனின் தலை ஒரு முறை பின்னால் போய் முன்னால் வந்தது. இறங்கி ஓடி வந்த கலியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, அடிபட்டுச்சாண்ணே? எம்மேலதாண்ணே தப்பு. போன பாத்துகினு வந்துட்டேன்.”

“கழுத்துதான் ஒரு மாதிரி இருக்கு. இரு, பாத்துக்கலாம்.”

“எந்த ஷிப்டுண்ணே?”

“ரெண்டு மணி.”

“ஐயய்யோ! ஒண்ணே முக்கா ஆவப் போவுதே. கெளம்புங்கண்ணே, மொதல்ல கெளம்புங்க!”

அதற்குள் பின்னால் மூன்று ஷிப்ட் பஸ்கள் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. இரண்டு பேரும் பதறிப்போய் வண்டிகளை ஓரம் கட்டினார்கள். போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். ஒன்று ஐம்பத்தேழுக்குச் செங்குட்டுவன் மைன்ஸ் வாசலில் கைரேகை வைத்துவிட்டார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் காரை நடுரோட்டிலேயே விட்டிருப்பான், படம் எடுத்திருப்பான், கீழே உட்கார்ந்து ஐயோ என்றிருப்பான், கூட்டம் கூடியிருக்கும். நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு ஒன்றுதான். வேலைக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் செங்குட்டுவனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சத்யா இரண்டு கையாலும் தாங்கித் தூக்கி உட்காரவைத்தாள். வடலூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துத் தசை கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லிக் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டையை மாட்டிவிட்டார்.

அந்தப் பட்டையோடு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போய் லீவு கேட்டார். அங்கே லேபர் கிளார்க் ராஜேந்திரன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இதப் போட்டுகினு மைன்ஸ் உள்ள போவ முடியாது. சேஃப்டிகாரன் உடமாட்டான்.”

“அதாங்க லீவு கேக்கறேன். டாக்டரு சீட்டு குடுத்துருக்காரு.”

“டாக்டரு கழுத்து வலின்னு எழுதுவாரு. எனக்கும்தான் கழுத்து வலி. விபத்துல பட்ட காயம்னு காகிதம் வேணும். கார இன்சூர் பண்ணிருக்க இல்ல? அவன எழுதித் தரச் சொல்லு. இன்சூரன்ஸ்காரன் ஒத்துகினான்னா உலகமே ஒத்துக்கும். காயம்பட்ட தேதியிலேந்து லீவு போட்டுடலாம். காகிதம் இல்லன்னா ஆப்சென்ட். பதினஞ்சு நாளுக்கு மேல ஆப்சென்ட்னா பாஸ் கேன்சல், அது எங்கையில இல்ல. இருவத்தி மூணாந்தேதி சாயங்காலம் ஃபைல மூடிடுவாங்க.”

மூன்று வாரம் இருக்கிறது, ஒரு காகிதம்தானே என்று செங்குட்டுவன் நினைத்தார்.

சதாசகாயம் கழகத்தின் கிளை, டவுன்ஷிப் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வாசலில், ‘உங்கள் பின்னால் எப்போதும் நாங்கள்’ என்று எழுதியிருந்தது. உள்ளே கிளைம் பிரிவில் பவித்ரா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். அந்த ஆபீசில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். பதினாறு பக்கப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, தானே கேட்டுக் கேட்டு நிரப்பினாள்.

“விபத்தை நேரில் பார்த்தீர்களா? ஆமாவா, இல்லையா சார்?”

“நான்தாம்மா இடிபட்டவன்.”

“அது மேல வந்துடுச்சு சார். பாத்தீங்களான்னு கேக்குது.”

“பின்னால வந்து இடிச்சான். நான் முன்னால பாத்துகினு இருந்தேன்.”

“அப்ப பாக்கல.”

“சத்தம் கேட்டுச்சும்மா. கழுத்து ஒடிஞ்சா மாதிரி இருந்துச்சு.”

“சத்தம் பக்கத்து வண்டியோடதா இருக்கலாம்னு மேனேஜர் சொல்லிடுவார் சார்.”

“அப்ப கண்ணாடியில பாத்தேன்னு போட்டுக்கோ.”

பவித்ரா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அப்படிச் சொல்லாதீங்க சார். கண்ணாடியில பாத்துட்டு இருந்தீங்கன்னா ரோட்டப் பாக்கலன்னு அர்த்தம். கவனக்குறைவுன்னு அன்னைக்கே ரிஜெக்ட் ஆயிடும். எதையும் பாக்கலன்னே போடறேன். எதையும் பாக்காதவங்களுக்குத் தனி விசாரணை இருக்கு.”

விசாரணை செய்தவர் கிளை மேலாளர் சிங்காரவேல். நெற்றியில் விபூதி, மேசையில் வெள்ளிப் பிள்ளையார், சுவரில் அவர் மேலிடத்தில் பரிசு வாங்கும் படங்கள். யாராவது உட்கார்ந்தால் முதலில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வார். வந்தவர் சொல்ல நேரம் இருந்தால் பிறகு கேட்பார்.

“முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் சார். ஒரு பொய் கிளைம் என் மேசையைத் தாண்டினதில்ல. உண்மையான கிளைமும் தாண்டினதில்லன்னு சில பேர் பேசறாங்க. பேசட்டும். பொய்யும் உண்மையும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிச்சுப் பாக்கறேன்னு போய் ஒண்ணு மாறிப் போச்சுன்னா? ரெண்டையும் நிறுத்திட்டா ரிஸ்க்கே இல்ல பாருங்க. அதான் நிர்வாகம்.”

செங்குட்டுவன் தன்னோடு கலியனையும் அழைத்து வந்திருந்தார். குற்ற உணர்ச்சி தாங்காமல் கலியன் தினமும் முத்தாண்டிக்குப்பம் வந்து, எந்த வேனால் இடித்தானோ அதே வேனில் அவரை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்துகொண்டிருந்தான். இப்போது முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“சார், நான்தாங்க இடிச்சேன். தப்பு என்னுதுங்க. எங்க வேணாலும் கையெழுத்து போடறேன்.”

சிங்காரவேல் நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் கேட்டிராத வாக்கியம் அது.

“இடிச்சவனே வந்து இடிச்சேன்னு சொல்றானா? நம்ம நாட்டிலயா? எவ்வளவு நாளா பழக்கம் உங்க ரெண்டு பேருக்கும்?”

“இடிச்சதுலேந்துதாங்க.”

“பாத்தீங்களா, ஒண்ணாதான் வராங்க, ஒரே வேன்ல வராங்க. இதுக்குப் பேரு கூட்டு. தம்பி, நீ இடிக்கலன்னு சொல்லியிருந்தா உன்னைச் சந்தேகப்பட்டு, விசாரிச்சு, இடிச்சதைக் கண்டுபிடிச்சிருப்போம். நீயே ஒத்துக்கிட்டா நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது?”

கலியன் செங்குட்டுவனைப் பார்த்தான். அவர் பாவமாக விழித்தார். உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கலியன், “சரிங்க சார், அப்ப நான் இடிக்கல” என்றான்.

“எழுதும்மா பவித்ரா. எதிர்த்தரப்பு மறுக்கிறது.”

காருக்கும் அன்றைக்கே உத்தரவு பிறந்தது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை யாரும் தொடக் கூடாது, மடங்கிய டிக்கியை நிமிர்த்தக் கூடாது, மீறினால் ஆதாரத்தைக் கலைத்த குற்றம். கழகத்தின் ஆள் ஒருவர் வந்து காரைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார். செங்குட்டுவன் பலாப்பழத்தைப் பற்றிச் சொன்னார். அந்த ஆள் அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டார்.

பண்ருட்டிப் பலா வாங்கிய அன்றே வாசனை பிடிக்கும். ஐந்தாம் நாள் தெரு முழுக்க வாசனை. எட்டாம் நாள் அதை வாசனை என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். ஈ எங்கிருந்துதான் வந்ததோ, வெள்ளைக் கார் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

பத்தாம் நாள் சர்வேயர் வளவன் வந்தார். இளவயது, மடிப்புக் கலையாத சட்டை. காரிலிருந்து இருபதடி தள்ளியே நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கேமராவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். பிறகு வேப்பமரத்தடியில் நின்று எழுதினார். ‘வாகனம் அணுக இயலாத நிலையில் உள்ளது. நாற்றம் விபத்துக்கு முந்தையதா, பிந்தையதா என்பது தெரியவில்லை. உள்ளே பழம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பழ வியாபாரமா என்று விசாரிக்கலாம்.’

அதுவரை வாசற்படியில் நின்று பொறுத்துக்கொண்டிருந்த சத்யா இறங்கி வந்தாள்.

“ஏங்க, ஒரே பழங்க. ஒரு பழத்த வெச்சிகினு யாருங்க வியாபாரம் பண்ணுவா? எம்மாந் தொலைவுல நின்னு எழுதறீங்க, அந்தப் பழம் எப்பிடி அழுவிப்போயி கெடக்குதுன்னு தெரியுது இல்ல? வாங்கி எத்தினி நாளு ஆயிருக்கும்னு பச்சப் புள்ளையும் சொல்லும். அத வெச்சே இடிச்ச தேதியப் போட்டுக் குடுங்களேன். மனுசன் பாஸு போயிடுமோன்னு ராவும் பகலும் தூங்காம கெடக்கறாரு.”

வளவன் முதன்முறையாக மரியாதையோடு அவளைப் பார்த்தார். “நல்ல பாயிண்ட்தாம்மா. ஆனா அழுகினதை வச்சுத் தேதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. தோட்டக்கலை நிபுணர்தான் சொல்லணும். நிபுணர் பேனல்ல இப்ப தென்னைக்கு மட்டும்தான் ஆள் இருக்காங்க.”

அடுத்தது கழுத்து. கழகத்தின் மருத்துவர் செங்குட்டுவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, மேலே பார், கீழே பார் என்றார். அவரால் முடியவில்லை. முடியாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று மருத்துவர் நினைத்திருக்க வேண்டும். சரி போங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர் கதவருகே போனதும் பின்னாலிருந்து சத்தமாக, “செங்குட்டுவன்!” என்று கூப்பிட்டார். மரியாதை தெரிந்த மனிதர், பெரியவர் கூப்பிட்டால் திரும்பாமல் போவாரா? காலிலிருந்து தலைவரை ஒரே கட்டையாக, பீரோவைத் திருப்புவதுபோல மெல்லத் திரும்பி நின்றார். ‘கூப்பிட்டால் திரும்புகிறார்’ என்று மருத்துவர் அறிக்கை எழுதினார்.

பதினாறாம் தேதி கழகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. விபத்து நடந்ததாகச் சொல்லப்படும் நேரம் ஒன்று நாற்பது. ஆனால் ஒன்று ஐம்பத்தேழுக்கு மனுதாரரின் கைரேகை மைன்ஸ் வாசலில் பதிவாகியிருக்கிறது. காயம்பட்ட எந்த மனிதரும் பதினேழு நிமிடத்தில் வேலைக்குப் போனதாகக் கழகத்தின் அனுபவத்தில் இல்லை. ஆகவே விளக்கம் தேவை. செங்குட்டுவன் விளக்கத்தை நேரிலேயே கொண்டுபோனார்.

“ஷிப்டுக்கு லேட்டாயிடும்னு போனங்க.”

சிங்காரவேல் சிரித்தார். “சார், நானும் இந்த ஊர்லதான் இருக்கேன். எத்தனை பேரைப் பாக்கறோம். நீங்க பர்மனென்ட்டா?”

“இல்லீங்க. கான்ட்ராக்ட்டு.”

“கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?”

“கான்ட்ராக்ட்டுங்கறதாலதாங்க.”

மேலாளருக்கு அது புரியவில்லை. பவித்ராவுக்குப் புரிந்தது, அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். பதினேழு வருடத்தில் செங்குட்டுவன் எந்த அதிகாரியின் முன்னாலும் அழுததில்லை. தலை குனிய முடியாததால், கண்ணீர் எல்லாரும் பார்க்கும்படி நேராகவே இறங்கியது.

“ஐயா, எனக்குக் காருக்கு ஒண்ணும் வேணாங்க. டிக்கி இல்லாமயே ஓட்டிக்கறேன். விபத்துல பட்ட காயம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இருவத்தி மூணாந்தேதி பாஸு போயிடுங்க.”

சிங்காரவேல் உருகிப்போனார். எழுதித்தர அல்ல, வேறொன்றுக்கு.

“சார், நான் கல் நெஞ்சக்காரன் இல்ல. யாரும் பாக்கல, அதுதான் உங்க கேஸ்ல ஒரே குறை. பாத்துட்டா முடிஞ்சுது. எங்க விதிகள்ல மறுநிகழ்வுன்னு ஒண்ணு இருக்கு. இந்தக் கிளை ஆரம்பிச்சு யாரும் பயன்படுத்தினதில்ல. உங்களுக்காக நான் பயன்படுத்தறேன். அதே இடம், அதே நேரம், அதே வண்டி. மறுபடி ஒரு தரம் நடத்திக் காட்டுங்க. கண்ணால பாத்துட்டு அங்கயே கையெழுத்துப் போடறேன்.”

இருபத்தோராம் தேதி சனிக்கிழமை என்று முடிவாயிற்று. விபத்துக்கு முந்தைய நிலையில் கார் இருந்தால்தான் மறுநிகழ்வு செல்லும் என்பதால், இரண்டு வாரமாகத் தொடக் கூடாது என்றிருந்த காரைக் கழகமே ஆளனுப்பி, டிக்கியை நிமிர்த்தி, கழுவி, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கியது. மறுபடி நசுக்குவதற்காக ஒரு காரை இவ்வளவு அழகாகச் சரிசெய்ததை முத்தாண்டிக்குப்பம் அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய பலாப்பழத்தை இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிப்போய்க் குழிதோண்டிப் புதைத்தார்கள். அதே எடையில் புதுப் பழம் ஒன்று டிக்கியில் ஏறியது. அதற்கு வளவன் ரசீது வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கே டவுன்ஷிப் நுழைவிடத்தில் சாமியானா போட்டாகிவிட்டது. ‘விபத்து மெய்யறியும் நாள்’ என்று பேனர். வந்தவர்களுக்கெல்லாம் மோர். கலியனின் வேனுக்கு யாரோ மாலைகூடப் போட்டிருந்தார்கள். அது ஆயுதபூஜை மாலையின் மிச்சமா, புதிதா என்று தெரியவில்லை. சிங்காரவேல் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, எங்கள் கழகம் கிளைம் தர மறுக்கிறது என்று பொய்ப் பிரசாரம் நடக்கிறது. இன்றைக்குப் பாருங்கள். ஒரு ஏழைத் தொழிலாளிக்கு விபத்து இல்லையே என்கிற குறை இருந்தது. அந்தக் குறையைப் போக்க நாங்களே முன்வந்திருக்கிறோம். வாடிக்கையாளருக்கு எது தேவையோ அதைக் கொடுப்பது எங்கள் கடமை!”

கைதட்டல் எழுந்தது. வளவன் செங்குட்டுவனிடம் வந்து, கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டாம் தேதி பட்டை இல்லையே.

“சார், டாக்டரு அசையக் கூடாதுன்னு சொல்லிருக்காரு” என்றாள் சத்யா.

“ரெண்டே நிமிஷம்மா. இடிச்சதும் மறுபடி மாட்டிக்கலாம்.”

சத்யா பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். கலியன் வேனிலிருந்து தலையை நீட்டி, “மெதுவா இடிக்கறண்ணே, பயப்படாதீங்க” என்றான். அதைக் கேட்டுவிட்ட சிங்காரவேல், அன்றைக்கு இருந்த வேகம் குறைந்தால் மறுநிகழ்வு செல்லாது, இன்னொரு சனிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டார். இன்னொரு சனிக்கிழமை என்றால் இருபத்தெட்டாம் தேதி. செங்குட்டுவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமலே சொன்னார்.

“நல்லா இடிடா தம்பி. அன்னிக்கி மாதிரியே இடி.”

சரியாக ஒன்று நாற்பதுக்குப் பக்கத்து ரோட்டிலிருந்து ஷிப்ட் பஸ் திரும்பியது. அதற்கு யாரும் சொல்லி ஏற்பாடு செய்யவில்லை. அது தினமும் வருகிற பஸ். செங்குட்டுவன் நிறுத்தினார். நடைமுறை தவறக் கூடாது என்று வளவன் கலியனின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கலியன் அதைப் பார்த்தான்.

இரண்டாம் தேதியைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது என்று அங்கே கடை வைத்திருப்பவர் பிறகு சொன்னார். புது டிக்கி உள்ளே போய்ப் பின் சீட்டைத் தொட்டது. செங்குட்டுவன் ஸ்டியரிங்கின்மேல் அப்படியே சாய்ந்துகிடந்தார். சத்யா அலறிக்கொண்டு ஓடினாள். இடது கை விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை என்று அவர் சொன்னதும், வளவன் விரல்களையும் சேதப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

சிங்காரவேலின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்! பின்னால இருந்துதான் இடிச்சான்!” அங்கேயே, சாமியானாவிலேயே, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, நாலு பேர் படம் எடுக்கக் கடிதத்தை நீட்டினார். செங்குட்டுவனால் இரண்டு கையாலும் வாங்க முடியவில்லை. ஒரு கையால் வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கடிதத்தில் எல்லாம் இருந்தது. ‘விபத்து: உண்மை. காயம்: உண்மை. பின்னால் இருந்து: உண்மை.’ சத்யா அதை மஞ்சப் பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, கான்ட்ராக்டர் ஆபீஸ் திறக்கும் முன்பே அவர்கள் வாசலில் நின்றார்கள். ராஜேந்திரன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“பரவால்லையே. அந்தக் கம்பெனியில காகிதம் வாங்கின மொத ஆளு நீதான்யா. சீலு, கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கு. காயம்பட்ட தேதி இருவத்தி ஒண்ணு. சரி, அன்னிலேந்து நாப்பத்தஞ்சு நாளு மெடிக்கல் லீவு.” ஒரு சீட்டில் எழுதிச் சீல் குத்தினார். பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினார். “அப்ப மூணாந்தேதிலேந்து இருவதாந்தேதி வரிக்கும் எங்க போயிருந்த?”

“வூட்லதாங்க. கழுத்து வலியில படுத்துகினு.”

“காயமே இருவத்தி ஒண்ணாந்தேதிதான பட்டுருக்கு? படாத காயம் எப்பிடிய்யா வலிக்கும்?”

“ரெண்டாந்தேதி இடிச்சாங்க. அதத்தான் சனிக்கெழம மறுபடி…”

“மறுபடியெல்லாம் இதுல இல்ல. இந்தத் தேதியில மேனேஜர் நேர்ல பாத்தேன்னு எழுதிருக்காரு. பெரிய மனுசன் எழுதினத நான் மாத்த முடியுமா?”

செங்குட்டுவன் வெளியே வந்து கழகத்துக்குப் போன் போட்டார். பவித்ராதான் எடுத்தாள். மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ரெண்டாம் தேதி நடந்ததை அவர் பாக்கலையாம் சார். பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு கேக்கறார். தேதி மாத்தணும்னா புதுசா இன்னொரு மறுநிகழ்வு வைக்கணுமாம்.” பிறகு, “கை விரல் இப்ப பரவால்லையா சார்?” என்று கேட்டாள். அவர் போனை வைத்தார்.

உள்ளே ராஜேந்திரன், பதினெட்டு நாள் காரணமில்லாமல் வராதவர் என்று எழுதி முடித்திருந்தார். பாஸைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுக்கச் செங்குட்டுவனின் இடது கை வரவில்லை. சத்யாதான் எடுத்து மேசைமேல் வைத்தாள். ராஜேந்திரன் அதன் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, லீவுச் சீட்டை நீட்டினார்.

“வேலையே இல்லாதவருக்கு எதுக்குங்க லீவு?” என்றாள் சத்யா.

“அது வேறம்மா. லீவு மெடிக்கல் செக்‌ஷன். பாஸு லேபர் செக்‌ஷன். ஒண்ணுல இன்னொண்ணு தலையிட முடியாது. லீவு முடிஞ்சு கரெக்டா வந்து ஜாயினிங் ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடச் சொல்லு. லேட்டாச்சின்னா ஆக்‌ஷன் எடுத்துடுவாங்க.”

வெளியே வேன் பக்கத்தில் கலியன் நின்றுகொண்டிருந்தான். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம். இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

“இன்னாச்சுண்ணே? குடுத்துட்டாங்களா?”

செங்குட்டுவன் அவனைப் பார்த்தார். இந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னால் இன்னொரு முறை உடைந்துபோவான் என்று தோன்றியது.

“குடுத்துட்டாங்கடா. நாப்பத்தஞ்சு நாளு லீவு.”

“அப்பாடா!” கலியன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான், “அதுக்கப்பறம்ண்ணே?”

“அப்பறமும் லீவுதான்” என்றார் செங்குட்டுவன்.